ஹாஜியார் படிக்காத நாற்பதாயிரம் மெயில்கள்

எங்கள் கம்பெனியின் மெயில் சர்வரை நிரப்பியவர் ஹாஜியார்தான். வேறு யாரும் இல்லை. ஒரு மெயில்கூட அனுப்பாமல், வந்த மெயிலைத் திறந்தும் பார்க்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு சர்வரை மூச்சுமுட்ட நிரப்பிய ஒரே மனிதர் அவர். இதை நான் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "இருக்கட்டும்" என்றார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டார்.

விஷயத்தைச் சொல்கிறேன். கள்ளக்குறிச்சியில் மலைச்சரக்கு வாங்கி விற்கிற கம்பெனி எங்களுடையது. கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய், புளி, மிளகு எல்லாம் லாரியில் இறங்கி எங்கள் கிடங்குக்கு வரும். சுத்தம் செய்து, மூட்டை கட்டி, வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புவோம். முதலாளி அன்வர் பாய். அவருடைய அப்பாவும் சாச்சாவும் (அதாவது சித்தப்பா) சேர்ந்து ஆரம்பித்த வியாபாரம். அப்பா காலமாகிவிட்டார். மிச்சமிருக்கும் சாச்சாதான் ஹாஜியார்.

ஹாஜியாருக்குக் கம்பெனியில் வேலை என்று எதுவும் கிடையாது. காலையில் வெள்ளை ஜிப்பாவில் வருவார். வாசல் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். மதியம் லுஹர் தொழுகைக்குப் போவார், சாப்பிடுவார், மறுபடி உட்காருவார். ஆனால் மலையில் புளி விற்கிறவர்களுக்கு அன்வர் பாய் யாரென்றே தெரியாது. "ஹாஜியார் கம்பெனி" என்றால்தான் மூட்டையை எடை மேடையில் தூக்கி வைப்பார்கள்.

நான் அங்கே சிஸ்டம் பார்க்கிற பெண். ரிஷிவந்தியத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். அப்போது படிப்பு முடித்து வந்த புதிது. எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த வயது. (இப்போது பாதி தெரியும்.) மாதா மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று மெயிலுக்கு வாடகை கட்ட அன்வர் பாய்க்கு மனமில்லை. எங்கேயோ மூடப்போகிற ஆபீஸில் ஒரு பழைய சர்வரை வாங்கி வந்து, புளிக் கிடங்கை ஒட்டிய அறையில் வைத்துவிட்டார். அதைக் கட்டி மேய்ப்பது என் வேலை. அதன் விசிறியில் அடைந்த புளித் தூசியைச் சுரண்டினால் ஒரு வேளை ரசம் வைக்கலாம்.

ஒரு புதன்கிழமை அந்தச் சர்வர் நின்றுவிட்டது. டிஸ்க்கில் ஓர் ஊசி வைக்க இடமில்லை. உள்ளே மெயில் வரவில்லை, வெளியே போகவில்லை. இத்தாலியில் எங்களிடம் கடுக்காய் வாங்குகிற கம்பெனி ஆர்டர் அனுப்பியிருக்கிறது, அது மோதித் திரும்பிப் போய்விட்டது. அவர்கள் போன் போட்டு, "உங்கள் கம்பெனி இருக்கிறதா?" என்று கேட்டார்களாம்.

அன்வர் பாய் என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரமாட்டார், புளி வாசனை அவருக்கு ஆகாது. (புளி வியாபாரி.)

"இன்னாம்மா ஆச்சி?"

"எடம் இல்லைங்க பாய்."

"எடம் இல்லன்னா எடம் பண்ணு. அதுக்குத்தான உன்ன வெச்சிக்கிறேன்?"

எது இடத்தை அடைக்கிறது என்று பார்த்தேன். பார்த்ததும் கோபம் தலைக்கு ஏறியது. கிடங்கைவிட்டு மூட்டை வெளியே போக ஒரு கேட் பாஸ் போடுவார்கள். அதை டிஸ்பாட்ச் பார்க்கிற செல்வராசு அண்ணன் கலரில், சுவரில் மாட்டுகிற அளவு தெளிவாக ஸ்கேன் எடுத்து மெயிலில் அனுப்புவார். அனுப்பட்டும். ஆனால் ஒருத்தருக்கு அனுப்ப வேண்டியதை, கம்பெனியில் இருக்கிற அத்தனை பேருக்கும் காப்பி போட்டு அனுப்புவார். எங்கள் ஓட்டைச் சர்வர் ஒவ்வொருத்தர் பெட்டியிலும் தனித்தனியாக ஒரு பிரதியை வைக்கும். ஒரு கேட் பாஸ், அத்தனை பெட்டி. தினமும். வருடக் கணக்கில்.

"ண்ணா, மூட்ட வெளிய போறதுக்கு இன்னாத்துக்குண்ணா ஊருக்கே காப்பி போடறீங்க?"

"நீ புதுசு தங்கச்சி. போன வருசம் ரஷீது பாய் பேர மறந்து வுட்டுட்டேன். ஒரு மாசம் எனக்கு பதில் சலாமே சொல்லல."

"அவருக்கும் கேட் பாஸுக்கும் இன்னா சம்பந்தம்?"

"ஒண்ணும் கிடையாது. அதுக்காக பேர வுடுவியா? கல்யாணப் பத்திரிகையில தாய்மாமன் பேர வுடுவியா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் காப்பி வரிசை கல்யாணப் பத்திரிகை மாதிரியே இருந்தது. முதலில் ஹாஜியார், அப்புறம் அன்வர் பாய், அப்புறம் அன்வர் பாயின் மச்சான், அப்புறம் வயது வாரியாக மேனேஜர்கள். வரிசை மாறினால் அடுத்த நாள் யாராவது ஒருவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு டீ குடிக்க வரமாட்டார். எந்த மெயிலானாலும் தலையில் ஹாஜியார். குடிக்கிற தண்ணீர் கேன் தீர்ந்துபோனது என்ற மெயிலுக்கும் ஹாஜியார்.

அந்த ஹாஜியார் என்ன செய்தார் என்றால், ஒன்றும் செய்யவில்லை. பேரன் துபாயிலிருந்து வாங்கி வந்த போன் ஒன்று அவர் ஜிப்பா பையில் இருக்கும். அதில் மெயில் படத்தின் தலையில் ஒரு சிவப்பு வட்டம், அதற்குள் திறக்காத மெயில்களின் எண்ணிக்கை. நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. வெளியூர் வியாபாரி யாராவது வந்தால் மட்டும் போனை எடுப்பார்.

"உனக்கு எத்தினி லெட்டரு வருது?"

"அது வரும் ஹாஜியார், ஒரு பத்து இருபது."

"இங்க பாரு." போனை நீட்டுவார். வியாபாரி வாயைப் பிளப்பார். "இத்தினியும் எப்ப ஹாஜியார் படிப்பீங்க?" என்று கேட்பார்.

"படிக்கறதுக்கு ஆளு வெச்சிக்கிறோம். வர்றது எனக்கு வரும்."

நான் முடிவு செய்தேன். சர்வரில் எதை எடுப்பது என்று ஆள் ஆளாகக் கேட்டுக்கொண்டிருந்தால் ரம்ஜான் வந்துவிடும். ஒரு பொதுவான விதி வேண்டும். திறக்காத மெயில் யாருக்கும் வேண்டாத மெயில். எவ்வளவு அழகான விதி! இதை யோசித்துக் கண்டுபிடித்ததற்காக எனக்கு நானே ஒரு பன் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு ஆபீஸ் காலியானது. இந்துக்களில் பாதிப் பேரும் அதோடு சாப்பிடப் போய்விடுவார்கள், அது எங்கள் கம்பெனி வழக்கம். ஆள் இல்லாத நேரம் பார்த்து உட்கார்ந்தேன். புத்தி உள்ளவர்களாக இருந்தால், ஆறு மாதத்துக்கு முந்தைய, திறக்காத மெயில்களை மட்டும் எடுப்பார்கள். எனக்கு இருந்தது கோபம். இந்த வாரத்துக்கு முன்னால் வந்த, திறக்காத எல்லாம் என்று போட்டேன். புதன்கிழமையிலிருந்து மெயிலே வரவில்லை, திங்கள் செவ்வாயில் வந்தது கொஞ்சம்தானே, அதையும் சேர்த்துவிடு என்று சேர்த்தேன். எடுக்கும் முன் இன்னொரு டிஸ்க்கில் ஒரு பிரதி வைப்பது முறை. அந்த டிஸ்க்கை அன்வர் பாய் வீட்டுக் கல்யாண வீடியோவைப் போட்டுத் தரச் சொல்லி போட்டோகிராபர் வாங்கிக்கொண்டு போயிருந்தார். திருப்பித் தரவில்லை. கல்யாணம் முடிந்து அந்தப் பெண்ணுக்குக் குழந்தையும் பிறந்துவிட்டது.

பொத்தானை அழுத்தினேன். சர்வர் பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. முக்கால் டிஸ்க் காலி! இத்தாலிக்காரர் மறுபடி அனுப்பிய ஆர்டர் அடுத்த அரை மணியில் வந்து விழுந்தது. அன்வர் பாய் தொழுகை முடிந்து வந்து, முதல்முறையாக என் அறைக்குள் காலை வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, "பரவால்லியே" என்றார். நான் அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சம்பள உயர்வு எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே ஊருக்குப் போனேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை சின்னசேலத்திலிருந்து ஒரு புளி வியாபாரி வந்தார். ஹாஜியார் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"உனக்கு எத்தினி லெட்டரு வருது?"

"எனக்கெல்லாம் ஆரு ஹாஜியார் போடறாங்க?"

"இங்க பாரு."

வியாபாரி பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். போனைத் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் காணமே ஹாஜியார்" என்றார்.

ஹாஜியார் போனை வாங்கினார். ஜிப்பா நுனியில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சிவப்பு வட்டமே இல்லை. நெற்றியில் பொட்டு அழிந்த மாதிரி அந்தப் படம் மொட்டையாக இருந்தது. முந்தின நாள் ஜும்மாவுக்குப் பிறகு மூட்டை எதுவும் வெளியே போகவில்லை, அன்றைய முதல் கேட் பாஸும் இன்னும் போடவில்லை, அதனால் புதிதாக ஒன்றுகூட இல்லை.

"செல்வராசு! என் லெட்டரெல்லாம் எங்க?"

செல்வராசு அண்ணனுக்குப் பொய் வராது. அதுதான் அவரிடம் உள்ள பெரிய கெட்ட பழக்கம். "எடுத்துட்டாங்களாம் ஹாஜியார்" என்றார்.

"ஆரு?"

"சிஸ்டத்துலேர்ந்து. எடம் இல்லியாம் உங்களுக்கு."

'உங்களுக்கு' என்ற சொல்லை அவர் ஏன் சேர்த்தார் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஹாஜியார் எழுந்தார். குடையை எடுத்தார். வாசலில், புளி ஏற்றிவர மலைமேல் வெள்ளிமலைக்குப் போக நின்றிருந்த காலி லாரியில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வியாபாரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மதியத்துக்குள் வெள்ளிமலை எடை மேடையிலிருந்து போன் வந்துவிட்டது. "ஹாஜியார் வந்துகிறார். புளி ஏத்த வேணாம்னு சொல்ட்டார். இனிமே இந்தக் கம்பெனிக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லன்றார். விக்க வந்தவங்க அல்லாரும் மூட்டைய எறக்கி வெச்சிட்டு உக்காந்துகினு கீறாங்க. மேகம் வேற கட்டிக்கினு வருது."

அன்வர் பாய் என்னைக் கூப்பிட்டார். அந்த மனிதர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. அவர் கத்தவில்லை.

"இந்தக் கம்பெனிலேர்ந்து சாச்சாவ எடுத்துட்டேன்னு மலை பூரா பேச்சாயிடுச்சி. எங்க அத்தா இருந்தா என்ன செருப்பால அடிச்சிருப்பாரு. நீதான எடுத்த? நீயே போயி கூட்டினு வா."

"பாய், அது வெறும் மெயிலுங்க..."

"அவரு வரலன்னா நீயும் வராத."

வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்திதான். தம்பி பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டு லேப்டாப்பை எடுத்துப் பையில் வைத்தேன். (எதற்கு என்று கேட்காதீர்கள். பயந்தவள் கையில் கிடைத்ததைத் தூக்குவாள்.) செல்வராசு அண்ணனின் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பின்னால் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வண்டி இருமியது. ஒவ்வொரு வளைவிலும் நான் இறங்கித் தள்ள, அவர் மேலே போய் நின்று, "சீக்கிரம் வா தங்கச்சி, மழ வருது" என்று கூப்பிட்டார்.

"ஏண்ணா, 'உங்களுக்கு எடம் இல்ல'ன்னு எதுக்குண்ணா சொன்னீங்க?"

"எடம் இல்லன்னுதான நீ சொன்ன?"

"டிஸ்க்குல எடம் இல்லன்னு சொன்னேன்!"

"ஹாஜியாருக்கு டிஸ்க்கு இன்னான்னு தெரியுமா? எனக்கே தெரியாது."

வெள்ளிமலையில் எடை மேடைக் கொட்டகையில், புளி மூட்டை ஒன்றின்மேல் ஹாஜியார் உட்கார்ந்திருந்தார். கையில் சுக்குக் காப்பி. சுற்றிலும் ஆணும் பெண்ணுமாகப் புளி விற்க வந்தவர்கள். துக்க வீடு மாதிரி ஓர் அமைதி. அவர்களுக்காகப் பேசுகிறவர் ராசாத்தி அக்கா. சுற்றுப்பட்டு ஊர்களின் புளியைச் சேர்த்துக் கொண்டுவருவது அவர்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் ஹாஜியார் பேர அடிச்ச பொண்ணா?"

"பேர அடிக்கலக்கா..."

"எங்க மாமியா பேர ரேசன் கார்டுல அடிச்சப்பவும் இதான் சொன்னாங்க. 'நாங்க அடிக்கல, கம்ப்யூட்டரு அடிச்சிது'ன்னாங்க. உசுரோட கீற கெழவிய பஸ்ஸுல ஏத்தினு போயி கள்ளக்குறிச்சில நிக்க வெச்சி காட்டினப்பறம்தான் ஏத்தினாங்க."

"என்ன ஏத்தினு போயி காட்ட ஆரு இருக்காங்க ராசாத்தி?" என்றார் ஹாஜியார். அந்த வயதில் அப்படி ஒரு குரல் வைத்திருந்தார். இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நான் தரையில் உட்கார்ந்து விளக்கினேன். "ஹாஜியார், பேரெல்லாம் அப்படியே இருக்குதுங்க. நீங்க தொறக்காத மெயிலு எடத்த அடச்சிக்கினு இருந்திச்சி. அத்த மட்டும்தான் எடுத்தேன்."

"எங்க அடச்சிக்கினு இருந்திச்சி? உன் ரூம நான் பாத்திருக்கேனே. ஒரு கட்டிலு போடலாம், அவ்ளோ எடம் கீது."

"அது வேற எடங்க."

"எங்க வூட்டு பீரோல ஒரு வேட்டி கீது. ஹஜ்ஜுக்குப் போயி வந்தப்ப எங்க அண்ணன் வாங்கிக் குட்த்தது. இன்னும் கட்டல. கட்டலன்னு தூக்கிப் போட்டுடுவியா?"

கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது. மேலே ஓர் இடி உருண்டது. என் வேலை போகப்போகிறது, புளி நனையப்போகிறது, தம்பி ஃபீஸ் கட்ட முடியாமல் நிற்கப்போகிறான் என்று வரிசையாக ஓடியது. எனக்குப் பயம் வந்தால் அழுகை வராது, கோபம்தான் வரும். வந்துவிட்டது.

"ஹாஜியார், நான் கேக்கறேன். நாப்பதாயிரம் மெயிலு. அல்லாம் ஆளுங்க உக்காந்து அனுப்பினது. செல்வராசு அண்ணன் ஒவ்வொண்ணுக்கும் உங்க பேரத்தான் மொதல்ல போட்டாரு. நீங்க ஒண்ணயாவது மதிச்சித் தொறந்து பாத்தீங்களா? பாத்திருந்தா நான் எடுத்திருப்பேனா? உங்கள மதிக்கலன்னு மலையேறி வந்துட்டீங்களே, நீங்க ஆர மதிச்சீங்க?"

செல்வராசு அண்ணன் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். ராசாத்தி அக்கா மட்டும் மெதுவாக, "இந்தப் பொண்ணு கேக்கறது நாயமாத்தான கீது?" என்றார்.

ஹாஜியார் சுக்குக் காப்பியைக் கீழே வைத்தார். யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"ஒரு தரம் தொறந்தேன். போன் வந்த புதுசுல. தொறந்த ஒடனே நம்பருல ஒண்ணு கொறஞ்சிபோச்சி. அன்னிக்கி வுட்டவன்தான்."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. நானாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஆனால் அதற்குள் கொட்டகை முழுக்கச் சிரிப்பு. ஹாஜியாரே தாடிக்குள் சிரித்துவிட்டார். அந்த நேரம் தகரத்தின்மேல் முதல் தூறல் விழுந்தது.

"ஹாஜியார்," என்றார் ராசாத்தி அக்கா, "உன் லெட்டரு போனது போச்சி. எங்க புளி நனைஞ்சா ஆரு திருப்பிக் குடுப்பா?"

அவ்வளவுதான். ஹாஜியார் மூட்டைமேலிருந்து இறங்கினார், வேட்டியை மடித்துக் கட்டினார், "ஏத்துங்கப்பா! இன்னா வேடிக்கை?" என்று ஒரு சத்தம் போட்டார். அந்த மனிதரிடம் அப்படி ஒரு சத்தம் இருப்பதே எனக்குத் தெரியாது. ஆளுக்கொரு மூட்டையாகத் தூக்கினார்கள். நானும் ஒன்றைத் தூக்கினேன். தூக்கினேன் என்பது மிகை, கட்டிப்பிடித்துக்கொண்டு நடந்தேன். தார்ப்பாய் இழுத்துக் கட்டி முடித்தபோது மழை சோ என்று கொட்டியது. நனைந்தது நானும் என் லேப்டாப்பும்தான்.

இறங்கும்போது லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஹாஜியார், அவருக்குப் பக்கத்தில் நான். (செல்வராசு அண்ணன் மழையில் எக்ஸ்எல்லில் பின்னால் வந்தார். 'உங்களுக்கு' என்று சொன்னதற்கு அதுவே தண்டனை.) பாதி மலை வரை சிக்னல் கிடையாது. ஒரு வளைவு திரும்பியதும் ஹாஜியாரின் ஜிப்பா பையில் ஒரு சத்தம் கேட்டது. போனை எடுத்தார். மொட்டைப் படத்தின் தலையில் மறுபடி சிவப்பு வட்டம். உள்ளே ஒன்று. (காலையில் நடந்ததற்குப் பயந்து செல்வராசு அண்ணன் அன்று கேட் பாஸே அனுப்பவில்லை.)

"ஒண்ணு" என்றார். முகம் சுளித்தார். "ஒண்ண வெச்சிக்கினு எப்பிடி ஒருத்தனுக்குக் காட்டறது? இதுக்கு ஒண்ணுமே இல்லாம இருக்கலாம். தொற அத்த, போவட்டும்."

திறந்தேன். அன்வர் பாய் அனுப்பியிருந்தார். ஹாஜியாருக்கு மட்டும். காப்பி வரிசையில் இல்லை, நேராக அவர் பெயருக்கு. ஹாஜியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார்: "சாச்சா, காலையில் சாப்பிடாமல் போய்விட்டீர்கள். புளி போனால் போகட்டும். மழைக்கு முன்னால் வீட்டுக்கு வாருங்கள். சாச்சி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்."

டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழித்த அந்த நாற்பதாயிரத்தில் ஒன்றுகூட அவருக்கென்று எழுதியது இல்லை என்று எனக்குத் தெரியும். அத்தனையும் காப்பி.

"இதுக்கு பதிலு எப்பிடிம்மா போடறது?" என்று கேட்டார்.

நான் செய்த உண்மையான தவறு இதுதான். டிஸ்க்கைக் காலி செய்தது தவறே இல்லை. அவருக்குப் பதில் போடச் சொல்லிக் கொடுத்தேன் பாருங்கள், அதுதான். பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று மைக் படத்தைக் காட்டினேன். "அன்வருக்கு மட்டும் போவக்கூடாது. அல்லாருக்கும் போவணும், நான் வரேன்னு கம்பெனிக்கே தெரியணும்" என்றார். எல்லோருக்கும் போகிற முகவரியை ஒரே தட்டில் சேர்க்கவும் சொல்லிக் கொடுத்தேன். (கடுக்காய் வாங்குகிற இத்தாலிக் கம்பெனியையும் யாரோ ஒரு புத்திசாலி அந்த முகவரியில் சேர்த்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது.) ஹாஜியார் போனை வாய்க்கு அருகில் வைத்து, பக்கத்து ஊருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"வரேன். புளி ஏத்தியாச்சி. சோறு எடுத்து வைக்கவும்."

மெயில் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. லாரி வந்து நின்றபோது கம்பெனி வாசலில் அன்வர் பாய் குடையோடு நின்றுகொண்டிருந்தார். சாச்சாவைக் கைத்தாங்கலாக இறக்கினார். என்னைப் பார்த்து, "திங்கக்கெழம வா" என்றார். அந்த இரண்டு வார்த்தையைப்போல இனிமையான எதையும் இன்றுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. பெண் பார்க்க வந்தவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். திங்கட்கிழமை போனபோது இத்தாலியிலிருந்து பதில் வந்திருந்தது: "தகவலைக் குறித்துக்கொண்டோம், நன்றி."

அது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. ஹாஜியார் இப்போது எல்லா மெயிலையும் படிக்கிறார். எண்ணிக்கை குறைவதைப் பற்றி அவருக்குக் கவலை போய்விட்டது. "வெறும் வருதுன்னு இன்னா பிரயோசனம், பதிலு போடணும்" என்கிறார் வியாபாரிகளிடம். படித்த எல்லாவற்றுக்கும் பதில் போடுகிறார். எல்லோருக்கும் போடுகிறார். கேட் பாஸுக்கு "சரி" என்று போடுகிறார். தண்ணீர் கேன் தீர்ந்தது என்ற மெயிலுக்கு, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது பற்றி நீளமாகப் பேசி அனுப்புகிறார். என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று நான் அரை நாள் லீவு கேட்டு எழுதினேன். அன்வர் பாய் பதில் போடுவதற்குள் ஹாஜியாரின் பதில் கம்பெனி முழுக்கப் போய்விட்டது: "பையன் என்ன வேலை? எந்த ஊர்? விசாரித்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை காப்பி மட்டும் கொடுக்கவும்." விசாரித்தார். வேண்டாம் என்றார், அதையும் எல்லோருக்கும் காப்பி போட்டு. இப்போது எங்கள் வீட்டில் சைக்கிள் டயர் மாற்றுவதென்றாலும், "ஹாஜியாருக்குக் காப்பி போட்டாச்சா?" என்று தம்பி கேட்கிறான். அம்மாவும் கேட்கிறார். இரண்டாவதாகப் பெண் பார்க்க வந்த பையன் வீட்டிலும் இதை எங்கள் அம்மாவே சொல்லி, அவர்களும் சிரித்து, அந்தப் பையனைத்தான் கட்டிக்கொண்டேன். இப்போது அவரும் கேட்கிறார்.

நான் இவ்வளவையும் எழுத வேண்டிய அவசியம் என்னவென்றால், சர்வர் மறுபடி நிரம்பிவிட்டது. திறந்து பார்த்தேன். அடைத்துக்கொண்டிருப்பதெல்லாம் ஹாஜியாரின் பதில்கள். குரலையும் சேர்த்து அனுப்பக் கற்றுக்கொண்டிருக்கிறார், யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. (செல்வராசு அண்ணா, நீங்கள் இல்லையென்றால் நல்லது.) இந்தமுறை நான் பொத்தானை அழுத்தவில்லை. ஒழுங்காக, மரியாதையாக, அவர் பெயரை முதலில் போட்டு, மற்ற எல்லோருக்கும் காப்பி வைத்து, பழைய பதில்களை எடுக்கலாமா என்று கேட்டு மெயில் அனுப்பினேன். தண்ணீர் கேனுக்கெல்லாம் உடனே பதில் போடுகிற மனிதர், இந்த ஒரு மெயிலைத் திறந்து பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், "நெட்டு சரியில்ல" என்கிறார்.

ஹாஜியார், அன்று படிக்காததை எடுத்தேன் என்று மலையேறினீர்கள். இப்போது இருப்பதெல்லாம் நீங்கள் படித்தது, பதிலும் போட்டு முடித்தது. இவற்றை நான் எடுக்கலாமா, கூடாதா? என் காதில் மட்டும் சொல்ல வேண்டாம். கம்பெனி முழுக்கத் தெரிகிற மாதிரி, எல்லோருக்கும் காப்பி போட்டுப் பதில் சொல்லுங்கள். இத்தாலிக்கும் போகட்டும்.